கூடவே வந்ததும், இறக்கிப் போட்டதும்

என் பேத்தி வேலையில் எப்படி நிரந்தரமானாள் என்று தெரிந்து நீங்கள் என்ன கிழிக்கப் போகிறீர்கள்? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளிடம் கம்ப்யூட்டர் கதை கேட்கிறீர்களே, வெட்கமாக இல்லையா? சரி, கேட்டுத் தொலையுங்கள்.

ஓசூரில் கார் பார்ட்ஸ் செய்யும் கம்பெனியில் அவள் டிரெய்னி. எந்த மெஷினில் எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆகிறது என்று சொல்ல ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். திங்கட்கிழமை இன்ஜினியர் முன்னால் அது ஓடினால் வேலை நிரந்தரம், ஓடாவிட்டால் வீடு. வீட்டில் ஓடியது. சனிக்கிழமை கம்பெனியில் போட்டுப் பார்த்தாள், ஓடவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள்.

"ஆயா, அங்க பேக்கேஜ் கெடைக்கல."

எங்கள் பக்கம் பேக்கேஜ் என்றால் சம்பளம். பெங்களூர் மாப்பிள்ளையிடம் பெயருக்கு முன்னால் அதைத்தான் கேட்போம்.

"சம்பளமே இல்லன்னா அங்க எதுக்குடி போயி நிக்கற? தளியில ரோஜா பறிச்சாக் கூட கூலி தருவாங்க."

"ஐயோ, அது இல்ல ஆயா. நாங்க புரோகிராம் எழுதற பாஷையோட கொஞ்சம் சரக்கு கூடவே வரும். அடுத்தவங்க எழுதி வச்ச மிச்சத்த நெட்டுல எறக்கிக்குவோம். அதுதான் பேக்கேஜ். அந்தக் கம்ப்யூட்டர்ல நெட்டு இல்ல. நான் எழுதுனத மட்டும் ஏத்த விட்டாங்க, ஊரான் எழுதுனத விட மாட்டாங்களாம்."

"அப்படி என்னத்தடி எறக்குன?"

"ஃபைல் படிக்க ஒண்ணு, சராசரிக்கு ஒண்ணு, தேதி பாக்க ஒண்ணு, கலர்ல படம் போட ஒண்ணு."

"தேதி பாக்கவா? செவுத்துல காலண்டர் தொங்குது. கூட வந்த சரக்குல தேதி இல்லையா?"

லேப்டாப்பைத் திறந்து தேடினாள். பிறகு, "இருக்கு... நான் பாத்ததில்ல" என்றாள்.

பட்டம் வாங்கின லட்சணம்! அடுப்புக்குப் பக்கத்தில் உப்பு டப்பா இருக்க, ஒரு சிட்டிகை உப்புக்குக் கெலமங்கலத்துக்கு ஆட்டோ பிடிக்கிற பிறவி.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து மாற்றி எழுதினாள். ஃபைல், சராசரி, தேதி எல்லாமே கூட வந்த சரக்கிலேயே இருந்தன. கலர் படம் மட்டும் இல்லை. அதற்குப் பதில் வரிசையாக நட்சத்திரக் குறி. ரிஜெக்ட் கூடினால் வரிசை நீளும். கோலம் தெரியாதவள் வைத்த புள்ளி மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை ஓடியது. "கலர் இல்லையா?" என்று மட்டும் இன்ஜினியர் கேட்டாராம். "எந்த மெஷினு கெட்டுப்போச்சுன்னு தெரியுது சார்" என்றாளாம். அந்த வாரமே நிரந்தரம் பண்ணிவிட்டார்கள்.

அக்கம்பக்கத்துப் பொம்பளைகள் விசாரிக்க வந்தார்கள்.

"ஆமாடி, பெர்மனென்ட் ஆயிட்டா," என்றேன். "மொத வேலையா, கலர் படம் எறக்க அந்தக் கம்ப்யூட்டருக்கு நெட்டு வேணும்னு எழுதிக் குடுத்திருக்கா. கம்பெனி உருப்பட்ட மாதிரிதான்."