மஞ்சள் மருந்தின் அளவு

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய் வார்டில் நர்ஸாக இருந்தேன். உசிலம்பட்டிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவருக்கு ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்தும் இருமல் நிற்கவில்லை. சளியை மறுபடி சோதித்தபோதுதான் நுரையீரலில் பூஞ்சை பிடித்திருப்பது தெரிந்தது.

"ஊறுகாயில பூக்குமே, அதா சிஸ்டர்?" என்று கேட்டார்.

எனக்கும் அதே சந்தேகம். லேபுக்குப் போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சளியோடு கலந்த கறுப்பு மைக்கு நடுவே வெளிச்ச வளையம் கட்டிய உருண்டைகள். இவ்வளவு அழகான ஒன்றா ஆளை உருக்குகிறது என்றிருந்தது. பழைய கட்டடம் ஒன்றில் புறா எச்சத்தைச் சுரண்டியதாக அவர் சொன்னார்; அதிலிருந்து வந்திருக்கலாம் என்றார் எங்கள் வார்டு டாக்டரம்மா.

மருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி. குளுக்கோஸில் கலந்து, வெளிச்சம் படாமல் பாட்டிலைக் கறுப்புத் தாளால் சுற்றி, சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். முதல் நாள் ஒரே ஒரு மில்லிகிராம். இது எந்த மூலைக்குக் காணும் என்று நினைத்தேன். தினமும் கொஞ்சம் கூட்டியபோதுதான் காரணம் புரிந்தது. ஏற்றிய ஒரு மணி நேரத்தில் கட்டிலே ஆடும்படி அவருக்கு நடுக்கம் வந்தது.

"சிஸ்டர், அம்புட்டையும் ஒரே நாள்ல ஏத்திருங்க. ஒரேயடியா நடுங்கி முடிச்சிட்டு ஊருக்குப் போறேன்."

"அப்படி ஏத்துனா பூஞ்சையோட உங்க கிட்னியும் போயிரும்ணே."

அன்று முதல் அவர் மனைவி சிறுநீரை ஒரு பாட்டிலில் பிடித்து விரலால் அளந்தார். "இன்னைக்கு ரெண்டு விரக்கடை கூட இருக்கு" என்று என்னைத் தேடி வந்து சொல்வார்.

மூன்றாம் வாரம் அந்த அளவு குறைந்தது. கிட்னி தளர்வதற்கு அடையாளமாக ரத்தத்தில் யூரியா ஏறியது. டாக்டரம்மா இரண்டு நாள் மருந்தை நிறுத்தினார். நடுக்கமில்லை என்று கொத்தனாருக்குச் சந்தோஷம். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"இந்த ரெண்டு நாளும் பூஞ்சை சும்மா இருக்குமா டாக்டர்?"

"அதான் எனக்கும் பயம். குறைச்சா அது தப்பிச்சிரும். கூட்டுனா இவர் தாங்க மாட்டார்."

அதன்பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏற்றினோம். யூரியா மெல்ல இறங்கியது. இருமலும் குறைந்தது. பத்தாவது வாரம் லேபில் நானே எட்டிப் பார்த்தேன். வெறும் கறுப்பு மைதான். ஓர் உருண்டைகூட இல்லை. அடுத்தடுத்த சோதனைகளிலும் அப்படியே.

சில மாதம் கழித்துச் சோதனைக்கு வந்தவர், "சாரம் ஏறினா கொஞ்சம் மூச்சு வாங்குது, அம்புட்டுத்தான்" என்று சிரித்தார். எக்ஸ்ரேயில் சிறு தழும்பு மட்டும் இருந்தது. அவர் போன பிறகு, இதைவிடக் குறைவாகக் கொடுத்திருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"குறைச்சுக் கொடுத்துப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல சிஸ்டர்" என்றார்.