தங்கமான பிள்ளை என்று சொன்னேன்

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டுத் தெருவுக்குப் போய் விசாரிப்பார்கள். ஜாதகம் பொருந்தி எல்லாம் பேசி முடித்திருந்தாலும், இந்த விசாரிப்பு இல்லாமல் வெற்றிலை பாக்கு மாற்ற மாட்டார்கள். டீக்கடையில் கேட்பார்கள். அயர்ன் வண்டிக்காரரிடம் கேட்பார்கள். பக்கத்து வீட்டில் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். பதில் சொல்கிறவர்களுக்கும் பதில் மனப்பாடம்: "தங்கமான பிள்ளை." குடிக்கிறவனும் தங்கம், வேலைவெட்டி இல்லாதவனும் தங்கம். பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருவில் தகரம் என்று ஒருவர்கூடக் கிடையாது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்று பெரியவர்களே சொல்லிவிட்டுப் போயிருக்கும்போது, அதில் ஒன்றைச் சொல்ல யாருக்கு நா கூசும்?

எனக்குக் கூசியிருக்க வேண்டும். நான் டீக்கடைக்காரர் இல்லை, கல்லூரியில் உளவியல் நடத்துகிறவள். தெருவுக்கு நான் வெறும் டீச்சர்தான். ஆனால் ஒவ்வொரு வருடமும் இரண்டாமாண்டு மாணவிகளுக்கு சைக்கோபதி பற்றி நான்தான் வகுப்பெடுக்கிறேன். "சைக்கோன்னா யாரு?" என்று கேட்டபடிதான் உள்ளே நுழைவேன். சினிமாவில் பார்த்ததைச் சொல்வார்கள். கத்தி, ரத்தம், இருட்டில் சிரிப்பு. அதையெல்லாம் அழித்துவிட்டு ஆரம்பிப்பேன். இவர்கள் நன்றாகப் பேசுவார்கள், சீக்கிரம் பிடித்துப்போவார்கள் என்பேன். எதிரில் இருப்பவருக்கு வலிக்கும் என்பது இவர்களுக்குத் தெரியும். தெரிவதோடு சரி, அது கையைப் பிடித்து நிறுத்தாது. இப்படிப்பட்ட எல்லோரும் குற்றவாளி ஆவதில்லை. ஜெயிலில் இருக்கிற பெரும்பாலானவர்கள் இப்படிப்பட்டவர்களும் இல்லை. ஆத்திரம், குடி, வறுமை, சேர்க்கை என்று அங்கே போவதற்கு எத்தனையோ வழி உண்டு. ஆனால் இவர்களில் ஒருவன் தப்பு செய்தால், செய்த பிறகு அவன் தூக்கம் கெடாது. அதனால் திரும்பவும் செய்வான். கடைசியாக, யாருக்கும் நீங்களாக இந்தப் பெயரை வைத்துவிடாதீர்கள், முறைப்படி பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும் என்று எச்சரித்து முடிப்பேன்.

எச்சரிக்கை சரியானதுதான். அதை நான் வசதியாக ஒளிந்துகொள்ளும் இடமாக வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுப் பையன் டிராக்டர் ஷோரூமில் விற்பனை வேலையில் இருந்தான். சிரித்த முகம். தெருவில் யார் வீட்டு கேஸ் சிலிண்டர் தீர்ந்தாலும் அவன்தான் தூக்கி வருவான். ஒரு சாயங்காலம் பஸ் கிடைக்காமல் கல்லூரி வாசலில் நின்றபோது, "ஏறுங்க டீச்சர்" என்று பைக்கை நிறுத்தினான். வீரபாண்டிக்குச் சற்று முன்னால், சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு ஓரமாகப் போன பெரியவர் ஒருவரை இடித்தான். அவன் பார்த்துக்கொண்டிருந்தது ரோட்டை அல்ல, கைபேசியை. பின்னால் இருந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. பெரியவர் கீழே கிடந்தார். முழங்கை வேறு பக்கம் திரும்பியிருந்தது.

கூட்டம் சேருவதற்குள் அவன் அழ ஆரம்பித்துவிட்டான். உண்மையான கண்ணீர், கன்னத்தில் வழிந்தது. பெரியவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஐயா தள்ளாடிக்கிட்டே குறுக்க வந்துட்டாக. நான் என்ன செய்வேன்?" என்றான். கூட்டம் என்னைப் பார்த்தது. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பெரியவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "குடிச்சா ஓரமா போகணும்ல" என்று யாரோ அவரை அதட்டினார்கள். அவரிடம் சாராய வாடையே இல்லை. ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம்.

இரண்டு வளைவு தாண்டியதும் பைக்கை ஓரங்கட்டினான். வேர்வையைத் துடைப்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்படி அழுதேன் பாத்தீகளா டீச்சர்?" என்று சிரித்தான். "இங்கன பஜ்ஜி சூடா போடுவாக. சாப்பிட்டுப் போவமா?" அவன் இரண்டு தட்டு சாப்பிட்டான். நானும் சாப்பிட்டேன். பதற்றத்தில் சாப்பிட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். பசித்தது, சாப்பிட்டேன், அவ்வளவுதான். அந்தப் பெரியவர் கை என்ன ஆயிற்று என்று இன்றுவரை விசாரிக்கவில்லை.

அதற்கு மூன்று வருடம் கழித்து என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தது. அவன்தான் காரை எடுத்தான். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதுகூட எனக்கு நினைவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூடவே இருந்தான். இன்றைக்கு என் வீட்டுக்காரர் நடமாடுகிறார் என்றால் அதற்கு அவனும் ஒரு காரணம். அதை மறைத்து எழுதினால் அது இன்னொரு பொய்.

அவனுக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா விசாரிக்க வந்தது அடுத்த ஆண்டு. தேவதானப்பட்டிப் பக்கம் விவசாயி. வெள்ளை வேட்டியில் காலையிலேயே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை.

"தெருவுல எல்லாரும் நல்லாத்தான் சொன்னாக. ஆனா நீங்க மனசைப் பத்திப் படிச்சவுக. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் வேற யார்ட்டயும் கேக்கப் போறதில்ல, தாயி."

இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுவது எதற்கென்றால், அந்த நிமிடத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. படித்ததற்கு ஊரில் ஒரு மதிப்பு இருக்கிறது என்று பூரித்துப்போனேன். பக்கத்து வீட்டு ஜன்னலில் பையனின் அம்மா நிற்பது தெரிந்தது. நான் ஏதாவது சொன்னால் கல்யாணத்தைக் கலைத்தவள் என்ற பெயர் சாகும்வரை போகாது. மதுரை ஆஸ்பத்திரியும் நினைவுக்கு வந்தது. ரோட்டில் கிடந்த பெரியவரும் நினைவுக்கு வந்தார். ஒரே ஒரு சம்பவத்தை வைத்து ஒருவனுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று எனக்குள் இருந்த பேராசிரியை எடுத்துச் சொன்னாள். பெயர் வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பார்த்ததைச் சொன்னால் போதும். அவர் தராசில் வைத்துப் பார்த்திருப்பார்.

"தங்கமான பிள்ளை. கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம்" என்றேன்.

அவர் எழுந்து கும்பிட்டார். அப்புறம்தான் காபியைக் குடித்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவனுக்குக் கம்பத்தில் வேலை மாற்றலானது. புருஷனும் பெண்டாட்டியும் அங்கே குடிபோனார்கள். முதல் தீபாவளிக்கு வந்தபோது அவள் வலது கையில் கட்டு. "முறுக்கு சுடும்போது எண்ணெய் பட்டுருச்சு டீச்சர். எனக்கு மனசே தாங்கல" என்று சொன்ன அவனுக்குக் கண் கலங்கியது. அவள் அழவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் தெறித்தால் உள்ளங்கை முழுக்க ஏன் கட்டு என்று எனக்குத் தோன்றியது. பலகாரத் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இந்த வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் தனியாக வந்தாள். அப்பா வீட்டோடு வந்துவிட்டதாகவும், மகளிர் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருப்பதாகவும் சொன்னாள். எண்ணெய் எல்லாம் இல்லை. சட்னியில் உப்பு அதிகம் என்று தோசைக்கல்லில் அவள் கையை வைத்து அழுத்தியிருக்கிறான். கோபமே இல்லாமல் செய்தானாம். பிறகு அவனே மருந்து போட்டுவிட்டு டிவியில் கிரிக்கெட் வைத்திருக்கிறான்.

"கோவத்துல அடிச்சிருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும் மேடம். மருந்து போட்ட கையோட, ஸ்கோர் என்னன்னு பாக்குறேன்னு போனாரு."

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவன் அழுத அழுகையில் நர்ஸ், "இப்படிப்பட்ட புருஷனுக்காகவாவது பாத்து வேலை செய்யம்மா" என்று இவளைத்தான் கண்டித்திருக்கிறார். பொங்கலுக்குப் போனபோது அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவரோ, "டீச்சரம்மாவே சொன்னாகளே தாயி, நீ எதும் எடக்குமடக்கா பேசுனியா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அதன் பிறகும் இரண்டு முறை காயப்படுத்தியிருக்கிறான். கடைசி முறை கை எலும்பு முறிந்தது. ஸ்டேஷனிலும் அவன் எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

அவள் வந்தது ஒரு உதவிக்கு. கை சுட்டதற்கான ஆஸ்பத்திரிச் சீட்டில் அயர்ன் பாக்ஸ் பட்டது என்று அவன் சொல்லி எழுதியிருக்கிறார்கள். என்னிடம் எண்ணெய் என்றான். அதை நான் வந்து சொன்னால் வழக்குக்கு உதவும் என்று வக்கீல் சொன்னாராம்.

நான் உடனே வருகிறேன் என்று சொல்லவில்லை. இதையும் எழுதிவிட வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவை தினம் பார்க்க வேண்டுமே என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பேராசிரியை வாயைத் திறந்தாள். சிலருக்கு இரக்கம் என்பதே இருப்பதில்லை, அவர்கள் நடிப்பில் யாரும் ஏமாந்துபோவார்கள், வெளியில் இருந்து கண்டுபிடிப்பது கஷ்டம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"புல்லுக்கட்டுப் பெரியவர் கதையை எம் புருஷனே எனக்குச் சொன்னாரு மேடம். ஒரு தடவ இல்ல, நாலஞ்சு தடவ. நான் யார்ட்டயாச்சும் சொல்லிருவேன்னு மிரட்டும்போதெல்லாம் அதைத்தான் சொல்லுவாரு. 'டீச்சர் கண்ணால பாத்தாக. பாத்துட்டுத்தான் உங்கப்பாகிட்ட தங்கம்னாக. போ, போய் யார்ட்ட வேணாச் சொல்லு'ன்னு."

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

"அவருக்கு இரக்கம் இல்லங்கிறீக. பிறவியோ என்னமோ, எனக்குத் தெரியாது. உங்களுக்கு இருந்துச்சுல்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லை என்று சொல்ல முடிந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

"இருந்துச்சு" என்றேன்.

அவள் வக்கீல் ஆபீஸ் இருக்கும் இடத்தைச் சொன்னாள். நாளைக்கே வருகிறேன் என்றேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை மேடம்" என்றாள். "திங்கக்கிழமை வாங்க. அப்பாவும் அங்கன வருவாரு. உங்களப் பத்தி அவர்ட்ட நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. நீங்களே சொல்லிருங்க."