ஒரு ரேடியேட்டர், இரண்டு நிபுணர்கள், ஒரு கையேடு

ஜூன் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். பென்னலூரில் எங்கள் வீட்டு வாசலில் அப்பா தம் காரின் பானெட்டைத் திறந்தார். நேரத்தைக் குறித்து வைத்தேன். எதையாவது குறித்து வைப்பதுதான் இலக்கிய மாணவியாகிய நான் வீட்டுக்குச் செய்யும் ஒரே உதவி.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா தினமும் காலை ஐந்தே காலுக்குப் பெண்கள் விடுதி வாசலில் காரோடு நிற்க வேண்டும். அங்கிருந்து ஐந்து பெண்களை ஏற்றிச் சென்று, ஆறு மணி ஷிஃப்டுக்கு ஒரகடத்துத் தொழிற்சாலையில் இறக்க வேண்டும். அந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். மூன்றாவது முறை நடந்தால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாக டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார் என்பதால்தான் அப்பா பயந்தார்.

சனிக்கிழமை மதியம் ரேடியேட்டரின் மேல்பகுதி விரிசல் விட்டது. எங்கள் மெக்கானிக்கோ அக்கா மகளின் காதுகுத்துக்காகச் செய்யாறு போயிருந்தார், செவ்வாய்க்கிழமைதான் வருவார். புது ரேடியேட்டர் கடையில் கிடைத்துவிட்டது. மாட்டத்தான் ஆள் இல்லை.

ஆள் இல்லையா? எங்கள் தெருவிலா? வீட்டுக்கு ஒருவர் காரின் ஏதோ ஒரு பாகத்தைச் செய்யும் தெரு இது!

மாடியில் குடியிருக்கும் இசக்கி அண்ணன், திருநெல்வேலிக்காரர், ஒரு கார் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறார். ரேடியேட்டருக்கு ஹோஸ் குழாய் மாட்டுவதுதான் அவருடைய வேலை. எதிர்வீட்டு தாமு அண்ணன், இந்த ஊர்க்காரர், ரேடியேட்டர் செய்யும் கம்பெனியில் லீக் டெஸ்ட் பார்க்கிறார். இப்படி இருவர் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது மெக்கானிக் எதற்கு?

“இன்னாண்ணே இதுக்குப் போய் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற? ரேடியேட்டர்னா நம்ம வூட்டுப் புள்ள மாதிரி” என்றார் தாமு அண்ணன்.

அப்பா என்னிடம் காரின் கையேட்டைக் கொடுத்து, ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னார். மூன்று ஆண்டுப் பட்டப்படிப்புக்கும் ஓராண்டு முதுகலைக்கும் பிறகு என் படிப்புக்குக் கிடைத்த முதல் வேலைவாய்ப்பு!

சிறிது நேரத்திலேயே ஓர் உண்மை புலப்பட்டது. இசக்கி அண்ணன் ஆயிரக்கணக்கான ஹோஸ்களை மாட்டியிருக்கிறார், ஒன்றைக்கூடக் கழற்றியதில்லை. லைனில் கழற்றுவது என்பது அவரைப் பொறுத்தவரை ஒரு குற்றம். தாமு அண்ணனோ ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பவர். குமிழி வந்தால் ரிஜெக்ட். அதே ரேடியேட்டர் காருக்குள் போய் எங்கே உட்கார்கிறது என்பதை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். “இது இங்கதான் குந்தினு கீதா?” என்று குனிந்து பார்த்தபோது, பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு முதல்முறை வந்தவரைப் போலிருந்தார்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? கழற்றிய போல்ட்டுகளை ஒரு வெள்ளைத்தாளில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் ‘மேல் இடப்புறம்’, ‘விசிறித் தாங்கியின் கீழ் வலப்புறம்’ என்று அழகிய கையெழுத்தில் எழுதினேன். பதினோரு மணிக்கு இசக்கி அண்ணன் அந்தத் தாளை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். போல்ட்டுகள் என் குறிப்பின் துணையில்லாமலே தத்தம் இடம் சேர்ந்தன.

இனி, என் குற்றம்.

புதிய ரேடியேட்டர் அமர்ந்தது. ஹோஸ் மாட்டும்போது இசக்கி அண்ணனின் கைகளைப் பார்த்திருக்க வேண்டும்... கண்ணை மூடிக்கொண்டும் மாட்டுவார் போலிருந்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை ஊற்றி நிரப்பினார்கள். கையேட்டின் அடுத்த வரியை நான் படித்தேன்: மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரை முழுவதுமாகப் போட்டு, இன்ஜினை ஓடவிட வேண்டும், உள்ளே தங்கிய காற்று குமிழிகளாக வெளியேறி முடிந்த பிறகு, குறைந்த அளவை நிரப்பியே மூட வேண்டும்.

நான் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். ஆனால், என் மெல்லிய குரலில் சொன்னேன். கருத்தரங்கில் ஒரு காற்புள்ளிக்காக அரைமணி நேரம் வாதாடக்கூடியவள்தான் நான். கார் செய்பவர்கள் இருவருக்கு நடுவே நின்று, “கொஞ்சம் பொறுங்கள்” என்று சொல்ல வாய் வரவில்லை. இவர்களுக்குத் தெரியாததா என்று தோன்றியது.

அவர்களுக்குத் தெரியாதுதான். இசக்கி அண்ணனின் லைனில் ஒரு மெஷின் உள்ளிருக்கும் காற்றை முழுவதுமாக உறிஞ்சிவிட்டுத்தான் கூலன்ட்டை இறக்கும். காற்று என்ற பிரச்சினையே அங்கு கிடையாது. அவர் நிம்மதியாக மூடியைத் திருகினார்.

இரண்டு மணிக்கு நால்வரும் வெள்ளோட்டம் கிளம்பினோம். ஹைவேயின் சர்வீஸ் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் போவதற்குள் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. அப்பா ஓரமாக நிறுத்தினார். புது ரேடியேட்டரே சரியில்லையோ என்று தாமு அண்ணன் முணுமுணுத்தார். அவர் கம்பெனித் தயாரிப்பு இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அப்பா இறங்கிப்போய் ஒரு புளியமர நிழலில் நின்று போனை எடுத்தார். சூப்பர்வைசரின் எண்ணைத் தேடுகிறார் என்று தெரிந்தது. நாளைக்கு வேறு வண்டி அனுப்பிக்கொள்ளுங்கள் என்று, அவர்கள் சொல்வதற்கு முன் தாமே சொல்லிவிடுவது... அதுதான் அப்பாவின் வழக்கமான மரியாதை.

“அப்பா, போன் பண்ணாதீங்க” என்றேன். மூவரும் திரும்பினார்கள். “ரேடியேட்டர்ல தப்பு இல்ல. உள்ள காத்து அடைச்சிருக்கு. அத வெளிய விடணும்னு புக்ல போட்டிருக்கு.”

“இத அப்பமே சொல்லிருக்கலாம்லா தங்கச்சி?” என்றார் இசக்கி அண்ணன்.

“சொன்னேனே.”

“நீ சொன்னது உன் காதுலயாவது வுழுந்துதா பாப்பா?” என்றார் தாமு அண்ணன்.

காருக்குள் கிடந்த கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தேன்.

அப்பா போனைப் பையில் போட்டார். “சொல்லு, இன்னா பண்ணணும்?” என்றார். அவ்வளவுதான்.

இன்ஜின் ஆறும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பிறகு இசக்கி அண்ணன் துணியைப் போட்டு மூடியைத் திறந்தார். ஹீட்டரை முழுவதுமாகத் திருகி, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டு நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். ஜூன் மாத வெயிலில், மதியம் மூன்று மணிக்கு, காருக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு அமர்ந்த வேறு எவரேனும் இந்த மாவட்டத்தில் இருந்தால் எழுதுங்கள், சங்கம் வைப்போம்.

முன்பக்கம் தாமு அண்ணன் குனிந்து நின்றார். குமிழியைப் பார்ப்பதில் அவரை மிஞ்ச யாருண்டு? “வருது... வருது... பெர்சா ஒண்ணு... இன்னும் வருதுமா, காலை எடுக்காத” என்று ஓயாமல் அறிவித்தார். கம்பெனியில் குமிழி கண்டால் முகம் சுளிப்பவர், இங்கே ஒவ்வொன்றுக்கும் மகிழ்ந்தார். குறையக் குறைய இசக்கி அண்ணன் கூலன்ட்டை ஊற்றினார். முதலில் சூடேறாமல் வந்த ஹீட்டர் காற்று மெல்லச் சூடாகி, என் முகத்தில் அனலாக அடித்தது. இருபது நிமிடம் கழித்துத் தாமு அண்ணன் நிமிர்ந்தார்.

“நின்னுச்சிண்ணே. ஓகே பீஸ்.”

வீடு வரை முள் பாதியைத் தாண்டவில்லை. நாங்கள் மூவரும் சாலையைப் பார்க்கவே இல்லை. நல்லவேளையாக அப்பா பார்த்தார்.

மறுநாள் அதிகாலை அப்பா கிளம்பிய பிறகு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு மணி அடித்தது. “இறக்கி வுட்டுட்டேன்மா. முள்ளு பாதியிலதான் நிக்குது” என்றார். அந்த நிம்மதியில் அப்படியே சாய்ந்து தூங்கி, ஒன்பது மணி வகுப்புக்கு நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். பேராசிரியர் காரணம் கேட்டார்.

“வீட்டுல ரேடியேட்டர் மாத்தினோம் சார்” என்றேன் — கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி.