மெத்தை விளம்பரத்து நாய்

சுரங்க ரயில் நிலையச் சுவர்களில் விளம்பரத் திரைகள் ஓடுகின்றனவே, அவை ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. அந்த ஆள் அவள்தான். ஒன்பது நிலையங்கள், நிலையத்துக்கு நாற்பது திரைகளுக்குக் குறையாது. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, சோப்பு வந்ததா, சூட்கேஸ் வந்ததா, படம் உறைந்துபோய்விட்டதா, நடிகையின் முகத்தில் பச்சை ஏறியிருக்கிறதா என்று பார்த்து, போனில் படமெடுத்து, தாளில் டிக் அடிக்க வேண்டும். ஊரே தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டு போகும்போது, விளம்பரத்தை நிமிர்ந்து பார்க்கிற ஒரே ஜீவன் தான்தான் என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வாள். பதினோரு வருஷம் டிக் அடித்ததில் அவள் பெயரே டிக்கக்கா ஆகிவிட்டது.

அவளுக்கு ஒரு தம்பி. வயது நாற்பத்தொன்று. ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் உடம்பு பிழைத்துக்கொண்டது, புத்தி மட்டும் அந்த ஐந்திலேயே நின்றுவிட்டது. நல்லவன், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்க மாட்டான். டிக்கக்காவுக்கு இரண்டு முறை கல்யாணப் பேச்சு வந்தது. தம்பியும் கூடவே வருவான் என்றதும் வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். அதற்காக அவள் ஒரு நாளும் அவனை நொந்துகொண்டதில்லை. அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டாள். அம்மா போன பிறகு, வேலை நேரத்தில் அவனை எங்கே விடுவது என்பதுதான் அவள் தலைமேல் உட்கார்ந்துகொண்ட ஒரே கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது ஒரு நாய்.

எல்லா ரயில்களும் சந்திக்கிற பெரிய நிலையத்தில், மூன்றாவது பிளாட்பாரத்துக்கு எதிரே, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கச் சுவரில், வரிசையாக நான்கு பெரிய திரைகள். அங்கே ஒரு மெத்தை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை நாய், ஒரு காது மட்டும் பழுப்பு. சுரங்க வாய்ப் பக்கத்திலிருந்து, நிஜமாகவே சுரங்கத்துக்குள்ளிருந்து பாய்ந்து வருகிற மாதிரி முதல் திரையில் நுழையும். இரண்டு, மூன்று என்று தாவி ஓடி, நான்காவது திரையில் ஒரு மெத்தைமேல் குதித்துச் சுருண்டு படுத்துவிடும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை வரும்.

ஒரு நாள் வேறு வழியில்லாமல் தம்பியை வேலைக்குக் கூட்டிப்போனவள் அதைக் கண்டுபிடித்தாள். அவன் அந்த நாயைப் பார்த்தான், அவ்வளவுதான், மெய்மறந்துவிட்டான். மறுநாள் முதல் காலை ஒன்பது மணிக்கு அவனை அந்தத் திரைகளுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்காரவைத்து, "இங்க பாருடா, நாய் வர்ற வரைக்கும் அசையக் கூடாது. அது வர்ற நேரத்துல நீ இல்லன்னா உன்னத் தேடும், பாவம்" என்று சொல்லிவிட்டுப் போவாள். "நீ வேலைக்குப் போக்கா. நான் இங்கயே இருக்கேன்" என்பான். நாய் வந்து போனால் மறுபடி வரும், ஆகையால் அவன் அசையவே மாட்டான். மத்தியானம் வந்து சாப்பாடு கொடுத்து, கழிப்பறைக்குக் கூட்டிப்போய்விட்டு, மறுபடி உட்காரவைப்பாள். ஸ்டேஷன் மாஸ்டர் தங்கமான மனுஷன், பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டார். மெத்தைக் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தை நீட்டித்துக்கொண்டே போனார்கள். பதினான்கு மாதம் இப்படியே ஓடியது. டிக்கக்கா நிம்மதியாக இருந்த காலம் என்றால் அதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்த தாளில் ஒரு வரி இருந்தது. மெத்தை விளம்பரம் முடிகிறது, திங்கள் காலை முதல் எல்லாத் திரைகளிலிருந்தும் எடுத்தாகிவிட்டதா என்று பார்த்து டிக் அடிக்கவும்.

அவள் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள். அங்கே இருந்த ஆபரேட்டரை எல்லாரும் சுவிட்சு என்பார்கள். அவர் கையில் ஒரு சுவிட்சும் கிடையாது என்பதுதான் வேடிக்கை.

"அண்ணே, ஒரே ஒரு உதவி. மூணாவது பிளாட்பாரத்துல மட்டும் அந்த நாய விட்டு வைங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"என்னம்மா நீ, என் கையிலயா இருக்கு? எல்லாம் தலைமை ஆபீஸ்லேர்ந்து வருது. எனக்குப் பாக்க மட்டும்தான் உரிமை. இந்தா, இத நான் தொட்டா என்ன ஆகுதுன்னு பாரு." தொட்டார். கம்ப்யூட்டரில் சிவப்பாக ஒரு பட்டை எரிந்தது. "பாத்தியா? எனக்கும் அவனத் தெரியும்மா. நான் மாட்டேன்னு சொல்வேனா?"

சொல்ல மாட்டார்தான். அவள் கண்ணெதிரிலேயே தலைமை ஆபீசுக்கு எழுதினார். உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது என்று பதினான்கு இலக்க எண் ஒன்று வந்தது. அவளும் சும்மா இருக்கவில்லை, மெத்தைக் கம்பெனிக்கே போன் போட்டாள். ஒருவர் படுக்கிற மெத்தைக்கு ஒன்றை அழுத்தவும், இருவர் படுக்கிற மெத்தைக்கு இரண்டை அழுத்தவும் என்றது ஒரு பெண் குரல். நாய்க்கு எந்த எண்ணை அழுத்துவது?

திங்கட்கிழமை அவள் தம்பியிடம் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. நாய்க்குப் பதிலாக வந்த பற்பசை விளம்பரத்தைப் பார்த்து மனசு மாறமாட்டானா என்று ஒரு நப்பாசை. வழக்கம்போல உட்காரவைத்தாள், வழக்கம்போல அவன் இங்கயே இருக்கேன் என்றான், இவள் போய் மற்ற நிலையங்களில் நாய் இல்லை, நாய் இல்லை என்று தன் கையாலேயே டிக் அடித்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்கு ரயில்கள் நின்றன.

அவன் இரண்டு மணி நேரம் காத்திருந்திருக்கிறான். அப்புறம் எழுந்து, நாய் எந்தப் பக்கத்திலிருந்து வருமோ அந்தப் பக்கம் நடந்திருக்கிறான். பிளாட்பாரத்தின் கடைசியில் வேலையாட்கள் இறங்குகிற சின்னக் கதவு இருக்கிறது. அதைத் தாண்டிப் படியிறங்கி சுரங்கத்துக்குள் போய்விட்டான். அறுபதடி உள்ளே, இருட்டில் குந்தி உட்கார்ந்து, "வா, வா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவனை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"நான் என்னம்மா பண்ணட்டும்?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "பதினோரு நிமிஷம் ரயில் நின்னிருக்கு. மேல சொல்லாம இருக்க முடியாது. இனிமே அவர் உள்ள வரக் கூடாதுன்னு உத்தரவு வந்துடுச்சு." எல்லா நிலைய வாசலிலும் அவன் படத்தை ஒட்டினார்கள். டிக்கக்கா தினமும் அந்தப் படத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போனாள்.

சுவிட்சு எங்கெங்கோ தேடி அந்த விளம்பரத்தை அவள் போனுக்கு அனுப்பினார். ஓடிவந்து தம்பியிடம் காட்டினாள். அவன் பார்த்தான், போனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான், திருப்பிக் கொடுத்துவிட்டான். "இது சின்னதுக்கா" என்றான்.

வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தாள். ஒன்பது நாள். பத்தாம் நாள் வீட்டுக்காரம்மா வாசலில் நின்றார். "காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கதவ இடிக்கிறான்மா. கேக்கவே பாவமா இருக்கு. ஆனா எனக்கும் முடியல, என்னாலயும் பாத்துக்க முடியாது. நீதான் ஏதாவது பண்ணணும்." யாரும் கெட்டவர்கள் இல்லை. யாராவது ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது அவள் வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொண்டிருக்கலாம்.

ஊருக்கு வெளியே ஓர் இல்லம் இருந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பார்க்கலாம். விட்டுவிட்டு வந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் நான்கு மாதத்தில் அவன் தேறிவிட்டான். செடிக்குத் தண்ணீர் ஊற்றினான், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான், கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தான். நாயைப் பற்றிப் பேச்சே இல்லை. அதில் அவளுக்கு ஆறுதலும் இருந்தது, உள்ளுக்குள் ஏதோ ஒரு குறையும் இருந்தது.

அப்புறம் ஒரு புதன்கிழமை. தாளில் மெத்தை என்று போட்டிருந்தது. நம்பாமல் மூன்றாவது பிளாட்பாரத்துக்குப் போய் நின்றாள். சுரங்க வாயிலிருந்து அது வந்தது. வெள்ளை நாய், பழுப்புக் காது. தாவி ஓடி மெத்தையில் சுருண்டது. டிக்கக்கா தம்பியின் பெஞ்சில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்ப்பார்களே என்றுகூட எண்ணாமல் அழுதாள். நாய் ஒன்பது முறை வந்து போன பிறகுதான் எழுந்து டிக் அடித்தாள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எப்படி இருப்பாள்? பதினான்கு மாதம் அவர்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்ட நாய் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை இல்லத்து வாசலில் கால் வைத்ததுமே, "டேய், நாய் வந்துடுச்சுடா!" என்றாள். அவன் முகம் அப்படியே மலர்ந்தது. எத்தனை மாதமாயிற்று அந்த முகத்தைப் பார்த்து! அவள் கிளம்பியபோது கேட் வரைக்கும் கூடவே வந்தான். வழியனுப்ப வருகிறான் என்று பூரித்துப்போனாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவனைப் பார்த்துவிட்டாள். கேட்டுக்கு உள்ளே, கம்பிக்குப் பக்கத்தில், சாலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். வெயிலுக்காக யாரோ அவன் தலையில் துண்டைப் போட்டிருந்தார்கள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"என்னம்மா சொல்லிட்டுப் போனீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் அங்கே வேலை பார்க்கிற பெண். "நீங்க போனதுலேர்ந்து ஒரு வாரமா இங்கதான். உக்காரச் சொன்னாலும் கேக்கல. சாப்பாட்டக்கூட இங்க கொண்டாந்து ஊட்டுறோம். இருட்டினா நாலு பேர் சேர்ந்து தூக்கிட்டுப் போறோம். விடிஞ்சா மறுபடி இங்க. எங்களாலயும் முடியலம்மா."

தம்பி அக்காவைப் பார்த்துச் சிரித்தான். ரகசியம் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இன்னும் வரலக்கா. ஆனா நான் அசையவே இல்ல."

வரும் என்று சொன்னால் நின்றுகொண்டே இருப்பான். வராது என்று சொன்னால் தேடிக்கொண்டு போய்விடுவான். டிக்கக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அவனோடு சேர்ந்து அந்தக் காலிச் சாலையைப் பார்த்தபடி நின்றாள். பன்னிரண்டு மணிக்கு அந்தப் பெண் வந்து, நேரமாகிவிட்டது என்றாள். டிக்கக்கா கையை விடாமல் அங்கேயே நின்றாள். தம்பிதான் தன் கையை உருவிக்கொண்டான்.

"நீ வேலைக்குப் போக்கா. நான் இங்கயே இருக்கேன்."