என் புளியோதரைக்கு உப்பு பார்த்தவள்

போன வருடம் தீபத் திருவிழா முடிந்து, திருவண்ணாமலை கொஞ்சம் மூச்சு விட்டிருந்த நேரம். எங்கள் தெருவுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் டி.வி. சமையல் போட்டிக்கு ஆள் எடுக்க வந்திருந்தார்கள். மூன்று செஃப்கள் முன்னால் ஒரு மணி நேரத்தில் ஏதாவது ஒன்றைச் சமைத்துக் காட்ட வேண்டும். ஜெயிக்கிற ஒருவர் சென்னைக்குப் போய் டி.வி.யில் சமைக்கலாம். என் பேரைக் கொடுத்தது என் நாத்தனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு தடவை வேண்டாம் என்றுவிட்டு மூன்றாவது தடவை சரி என்றிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

எங்களுடையது கோயிலில் பூஜை செய்கிற குடும்பம். வீட்டில் எது சமைத்தாலும் முதலில் சாமிக்குக் காட்டிவிட்டுத்தான் வாயில் வைப்போம். அடுப்பில் இருக்கும்போது ருசி பார்க்கிற வழக்கமே கிடையாது. உப்பு, புளி, காரம் எல்லாம் கைக்கணக்கு, மூக்குக்கணக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான். இதில் ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. சாப்பிடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, "பிரசாதம் அமிர்தமா இருக்கு" என்பார்கள். நன்றாக இருந்தால் சாமி பேர், கரித்துப்போனால் மட்டும் என் பேர். ஒரே ஒரு தடவையாவது, "இது நீ செஞ்சது, நன்னா இருக்கு" என்று யாராவது என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அதற்காகத்தான் போனேன். சென்னையெல்லாம் அப்புறம்.

என் வீட்டுக்காரர் வாசல்வரை வந்து, "உப்பு மட்டும் பாத்துக்கோ. நாளைக்கு நான் சன்னதியில நிக்கணுமோன்னோ?" என்று ஆசீர்வாதம் செய்து அனுப்பினார்.

நான் எடுத்துக்கொண்டது புளியோதரை. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். ஆனால் அங்கே போனால் எல்லாமே வேறு. விறகும் இல்லை, கேஸும் இல்லை, கரண்ட் அடுப்பு. வெண்கலப் பானைக்குப் பதில் ஒட்டாத சட்டி. கல்லுப்பு கேட்டால் டப்பாவில் தூள் உப்பு கொடுத்தார்கள். தூள் உப்பு ஜாஸ்தி கரிக்குமே என்று பயந்து பயந்து போட்டேன். சரி, மூக்கு இருக்கிறதே என்று குனிந்து வாசனை பிடித்தால், கோழி! அடுத்த மேஜையில் ஒருத்தி நாட்டுக்கோழிக் குழம்பு கொதிக்க விட்டிருந்தாள். மண்டபம் முழுக்க அந்த வாசனைதான். என் புளிக்காய்ச்சல் என் மூக்குக்கே எட்டவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பெரிய செஃப் என் மேஜைக்கு வந்தார். "டேஸ்ட் பண்ணீங்களாம்மா?"

"இல்லீங்க. சாமிக்குக் காட்டாம வாயில வைக்க மாட்டோம்."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "இங்க சாமி யாரும்மா? நாங்க மூணு பேருமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் போனதும், போட்டிதானே, ஒரு பருக்கை எடுத்து வாயில் போட்டால் என்ன என்று கரண்டியை எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கை மேலே வரவில்லை. இருபது வருடப் பழக்கம் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. பார்வையாளர் வரிசையில் நாத்தனார் எதையோ ஜாடை காட்டினாள். அது ஒரு எழவும் புரியவில்லை.

அப்போதுதான் கோழிக்காரி எட்டிப் பார்த்தாள். என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். அடி அண்ணாமலையில், கிரிவலம் வருகிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கடை போட்டிருப்பவள் என்று அறிமுகத்தின்போது மைக்கில் சொல்லியிருந்தாள்.

"நான் வேணா பாத்து சொல்லட்டுமாக்கா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மசாலாக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள். ஒரு கரண்டி வைத்தேன். அவள் அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, தலை குனிந்து வாயில் போட்டுக்கொண்டாள். கோயிலில் தொன்னையை வாங்கிக்கொண்டு சாப்பிடுகிற அதே மாதிரி.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. உப்பே இல்ல."

எனக்குப் பகீரென்றது. உப்பு இல்லை என்பதற்காக இல்லை. இவள் எனக்கு எதிராகப் போட்டி போடுகிறவள். இவள் பேச்சைக் கேட்டு இன்னும் உப்பைப் போட்டு, செஃப் வாயில் வைத்ததும் துப்பினால்? ஊரே சிரிக்குமே. டப்பாவைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். பிரசாதத்தைக் கீழே சிந்தக்கூடாது என்கிற கவனம் அது. கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டவள் பொய் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு உப்பை அள்ளிப் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றிக் கிளறிவிட்டேன்.

திரும்ப நீட்டினாள், திரும்ப ஒற்றிக்கொண்டாள். "இப்ப சரிக்கா. இப்பதான் சோறு பேசுது."

உதவியை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியுமா? அத்தனை நேரமும் என் மூக்கு நிறைய இருந்தது அவள் குழம்புதானே. கோழி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, மல்லித்தூள் தெரியும். "மல்லி பச்சை வாசனை இன்னும் போகலைம்மா. இறக்கிடாதே, கொதிக்கட்டும்" என்றேன். அவள் உடனே மூடியை எடுத்து அடுப்புச் சூட்டைக் கூட்டினாள்.

பெரிய செஃப் என் புளியோதரையை வாயில் வைத்தார். கண்ணை மூடவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்து, "நீங்க செஞ்சது பிரமாதம்மா. ருசி பாக்காமலே இவ்ளோ கரெக்ட்டா?" என்றார். கைதட்டல் தூள் பறந்தது. வருடக்கணக்கில் நான் காத்திருந்த வார்த்தை. அப்படியே கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் அவள் நின்று எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"உப்பு பார்த்தது அவங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். என்னைப் போட்டியிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

செஃப் அவள் பக்கம் திரும்பினார். "போட்டியில நிக்கறவங்களுக்குப் போய் ஏம்மா சொன்னீங்க?"

"அவ்ளோ நல்ல சோறுங்க. உப்பில்லாம எப்படி உட்டுட்டுப் போறது?" என்றாள் அவள். "அவுங்க மட்டும் என்னா, கோழியே துன்னாதவங்க என் கொழம்ப மோந்து பாத்தே கொறை சொல்லிட்டாங்க!"

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. செஃப்கள் மூன்று பேரும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்கள். "உதவி பண்ணக் கூடாதுன்னு நாங்க சொல்லவே இல்லையே" என்று ஒரு செஃப் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

சென்னைக்குத் தேர்வானவள் அவள்தான். என் புளியோதரையை ஒரு தட்டில் கோபுரமாகக் குவித்து வைத்தேனாம், அலங்காரமே இல்லையாம். போகட்டும். அவள் பேரைப் படித்ததும் நான் போட்ட கூச்சலில் என் நாத்தனாரே காதைப் பொத்திக்கொண்டாள். ஜெயித்தது அவள் என்றாலும் அந்த மல்லி வாசனையில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறதே! அப்படி ஒரு சந்தோஷத்தோடு நான் எங்கும் தோற்றதில்லை.

இப்போது பௌர்ணமிதோறும் கடை போடுவதற்கு முன் அவள் கோயிலுக்கு வருகிறாள். வழியில் எங்கள் வீட்டில் ஏறி, உள்ளங்கையைக் குழித்து நீட்டுகிறாள். சாமிக்குக் காட்டி முடித்ததில் ஒரு கரண்டி வைக்கிறேன். சாமி ஒரு நாளும் என்னிடம் உப்பு கம்மி என்று சொன்னதில்லை. அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டு, என் முகத்தைப் பார்த்து, "உன் கை உன் கைதான்க்கா" என்று சொன்ன பிறகுதான் அன்றைய சமையல் முடிந்ததாக எனக்கு மனசு நிறைகிறது.