கரீம் மாமா சுட்டுப் பார்த்த என் ரைபிள்

பழனி பஸ் நிலையத்தில் திண்டுக்கல் வண்டிக்காக நின்றிருந்தபோது, தெரிந்த கண்டக்டர் ஒருவர் என்னிடம் வந்தார். "தோல்மண்டி பாய் போய்ட்டாருங்க. உங்களுக்குச் சொல்லலீங்களா?" வண்டியில் இடம் இருந்தும் ஊர் வரை நின்றுகொண்டே வந்தேன். நாகல் நகர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த நாற்காலியிலும் என்னால் உட்கார முடியவில்லை.

அப்துல் கரீம் ஊருக்குத் தோல் வியாபாரி. எனக்கு வேட்டைத் துணை. நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். 1950-களில், திண்டுக்கல் பக்கம் ஆத்தூரில் என் கடலைக்காட்டைக் காட்டுப்பன்றிகள் கிண்டிப் போட்ட காலத்தில் ஆளுக்கொரு ரைபிள் வாங்கினோம். அவருடையது இங்கிலீஷ், என்னுடையது ஜெர்மன். எது உசத்தி என்பதில் எங்களுக்குள் ஓயாத வழக்கு.

அவர் ரைபிளில் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடும். நான் இரண்டாவது தோட்டாவை ஏற்றுவதற்குள் அவர் மூன்றாவதைச் சுட்டிருப்பார். என்னுடையதில் போல்ட்டைத் தூக்கவே மணிக்கட்டில் பலம் வேண்டும்; ஆனால் குறி பிசகாது. அதற்கு இரண்டு விசைகள். பின்விசையை முதலில் இழுத்து வைத்துவிட்டால், முன்விசையில் விரல் பட்டாலே வெடிக்கும். "இது துப்பாக்கியா, தொட்டாச்சிணுங்கியா?" என்று சீண்டுவார்.

ஒரு நாள் காலை, சோளக்காட்டு ஓரமாகப் பன்றி ஒன்று ஓடியது. இருவரும் ரைபிளைத் தூக்கினோம். அவர் சுடவில்லை, நான் சுட்டேன். பன்றி தப்பிவிட்டது. சோளத்தட்டைக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. தட்டை அறுத்துக்கொண்டிருந்த காளியம்மாளின் இடது முழங்கையில் குண்டு பாய்ந்திருந்தது. மாமா தன் தோள்துண்டால் இறுக்கிக் கட்டி, அவளோடு என்னையும் ஜீப்பில் ஏற்றி, திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். உயிர் பிழைத்தாள். கை அதன்பின் மடங்கவில்லை.

"எப்படிய்யா ஆச்சு?" என்று அவள் புருஷன் ஓடி வந்து கேட்டான்.

"விசை நழுவிருச்சுப்பா. தொட்டாலே வெடிக்கிற சனியன்" என்றேன். போலீஸிலும் அதையே எழுதிக் கொடுத்தேன். மாமா சுவரைப் பார்த்தபடி நின்றார்.

ஒரு வாரம் கழித்து என் தோட்டத்துக்கு வந்து ரைபிளைக் கேட்டார். மண்மேட்டில் ஒரு காகிதத்தைக் குத்திவைத்து, பின்விசையைத் தொடாமலே ஐந்து தோட்டா சுட்டார். ஐந்தும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன.

"நல்ல ரைபிள் மாப்ளே. என்னோடதவிட உசத்திதான்."

அவர் வாயிலிருந்து அதைக் கேட்க எத்தனையோ வருஷம் காத்திருந்தவன் நான். அன்றைக்கு மட்டும், "மோசமான துப்பாக்கி" என்று சொல்ல மாட்டாரா என்று தவித்தேன்.

"பின்விசைய இழுக்காட்டி, முன்விசைய எம்புட்டு அழுத்த வேண்டியிருக்கு பாருங்க. அன்னிக்குப் பின்விசைய இழுக்க உங்களுக்கு ஏது நேரம்?"

"நீங்க ஏன் மாமா சுடல?"

"தட்டை அசைஞ்சுச்சு. உங்களுக்கும் தெரிஞ்சுச்சு."

தெரிந்தது. அவரை முந்த வேண்டும் என்ற வெறியில், காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அழுத்தினேன்.

"யார்கிட்டயும் சொல்லிராதீக மாமா."

"நான் சொல்ல மாட்டேன். அது நீங்க சொல்ல வேண்டியது."

அதற்குப் பிறகும் அவர் வருவதும் போவதும் நிற்கவில்லை. என் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்ததும் அவர்தான். ஆனால் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே, 'சொல்லியாச்சா' என்று இன்றைக்குக் கேட்டுவிடுவாரோ என்று பயப்படுவேன். ஒருநாளும் கேட்கவில்லை. அவரை அறிந்த, இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் அந்த நழுவிய விசையின் கதையை என் வாயால் கேட்டிருக்கிறீர்கள். அப்போதெல்லாம் அவர் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஆத்தூர் போனேன். காளியம்மாள் ஒற்றைக் கையால் ஆடு தின்ன வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தாள். விசை நழுவவில்லை, நான்தான் அழுத்தினேன் என்றேன்.

அவள் நிமிரவில்லை. "தெரியும்யா. ஜீப்புல ஆஸ்பத்திரி வரைக்கும் விசை விசைனு சொல்லிக்கிட்டே வந்தீக. அந்தப் பாய் ஒரு தடவகூட ஆமானு சொல்லல."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான்: எனக்காகக்கூட அவர் சொல்ல மறுத்த அந்த ஒரு 'ஆமாம்'.