நேசையனின் பேஸ் குரலும் மூன்று மாத ஊசியும்

எங்கள் சபைக் கொயரில் பேஸ் என்கிற அடிக்குரலில் பாட ஒரே ஓர் ஆள்தான் உண்டு. பேஸ் வரிசையில் இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள், ஆனால் அவர்கள் நிற்கிறார்கள், அவ்வளவுதான். அந்த ஒரே ஆள் நேசையன். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தெட்டு, கரமனையில் வீடு. நான் டெனர், ஆண்களின் மேல் குரல். முப்பது வருஷமாக அவர் பக்கத்தில் நின்று என் இடது காதைப் பாழாக்கிக்கொண்டவன். ஆகவே அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. பாரபட்சம் இல்லாமல் எழுதுவேன் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவருக்குப் பெருமைகள் இரண்டு. ஒன்று அந்தக் குரல். இன்னொன்று கோயில் வளாகத்தில் பேசத் தக்கதல்ல, ஆனால் பேசாமல் இந்தக் கதை நகராது. கிழக்கேகோட்டையில் வண்டி எடுத்து நாகர்கோவில் போய்ச் சேரும்வரை ஒரு நாள்கூட அவர் மூத்திரம் பெய்ய வண்டியை நிறுத்தியதில்லை. அடக்கி அடக்கித்தான் பிராஸ்டேட்டில் புற்றுநோய் வந்தது என்பது அவர் மனைவி சரோஜத்தின் முடிவு. அப்படியெல்லாம் வராது என்று டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டார். சரோஜம் ரிட்டயர்டு கணக்கு டீச்சர், போட்ட விடையை அழிக்கும் பழக்கம் இல்லை.

டாக்டர் பெயர் அஜிதா. நெய்யாற்றின்கரைக்காரி, தமிழையும் மலையாளத்தையும் ஒரே மூச்சில் பேசுவார். சரோஜத்துக்கு முட்டுவலி என்பதால் துணைக்கு நானும் போயிருந்தேன்.

"அங்கிள் பேடிக்க வேண்டாம், வெளியே எங்கேயும் பரவல்ல. ஆனா இது கொஞ்சம் வேகமுள்ள டைப். அதனால ரெண்டு சிகிச்சை சேர்த்துச் செய்யணும். ஆம்பள ஹார்மோனைத் தின்னுதான் இந்தக் கட்டி வளருது. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டா அந்த ஹார்மோன் நிக்கும், கட்டி பட்டினி கிடக்கும். அது தளர்ந்து கிடக்குற நேரம் பார்த்து ரேடியேஷன், இருபது நாள். ஊசி மட்டும் ஒன்றரை வருஷம் தொடரும்."

பக்க விளைவுகளையும் சொன்னார். உடம்பு திடீரென்று கொதிக்கும், வேர்க்கும், அழுகை வரும், எடை கூடும். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆசை குறையும் என்றார். சரோஜம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். நேசையன் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது கேக்கணுமா அங்கிள்?"

"ஒண்ணும் இல்ல."

ஒன்று இருந்தது. ஆண் ஹார்மோன் நின்றால் ஆண் குரல் என்னவாகும்? பதினாலு வயதில் ஹார்மோன் வந்து உடைந்து கீழே இறங்கிய குரல், அது போனதும் பழையபடி மேலே ஏறிவிடாதா? இதை ஒரு மகள் வயதுப் பெண்ணிடம், அதுவும் மனைவியையும் ஒரு டெனரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது என்று வாயை மூடிக்கொண்டார். இந்தக் கேள்வியை அவர் என்னிடம் சொல்லவே மூன்று மாதம் ஆனது. அதற்குள் அவர் உயிரோடு விளையாடும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது.

முதல் ஊசி போட்டாயிற்று. டாக்டர் சொன்ன விளைவுகள் சொன்ன வரிசையிலேயே வந்தன. பிரசங்கம் நடக்கும்போது பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ இரண்டு பேருக்குக் கல்யாணம் என்று சபையில் ஓலை வாசித்து அறிவித்தார்கள். பையனையும் தெரியாது, பெண்ணையும் தெரியாது. நேசையன் தேம்பித் தேம்பி அழுதார். பெண் வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ பழைய விவகாரம் போல என்று நினைத்திருப்பார்கள்.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். குரலைத்தான் காவல் காத்தார். துபாயில் இருக்கும் மகன் சஜின் வாங்கிக் கொடுத்த கீபோர்டு ஒன்று வீட்டில் உண்டு, சாயங்கால ஜெபத்துக்குச் சரோஜம் வாசிப்பார். காலையில் சரோஜம் பால் வாங்கப் போனதும் நேசையன் அதன் முன் உட்காருவார். அவர் குரல் எட்டும் கடைசிக் கீழ் சுரத்தின் கட்டையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார். கட்டையை அமுக்குவார், அந்தச் சுரத்தைப் பாடுவார், எட்டினால் அன்றைக்குத் தோசை இரண்டு கூடும். இரண்டு மாதம் தினமும் எட்டியது. மூன்றாவது மாதம் ஒரு திங்கட்கிழமை அமுக்கிப் பாடினார், வெறும் காற்று வந்தது. செவ்வாயும் காற்று. அந்த வாரம்தான் ரேடியேஷன் தொடங்கியது.

ரேடியேஷனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அரை லிட்டர் தண்ணீர் குடித்து, மூத்திரப்பையை நிறைத்துக்கொண்டு படுக்க வேண்டும். அது நிறைந்திருந்தால் குடல் மேலே தள்ளி நிற்கும், கதிர் அதன்மேல் படாது. நர்ஸ் இதை விளக்கியபோது நேசையன் முகத்தில் பல நாளுக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன்.

"இதுக்கா என்னைப் பாடம் படிப்பிக்குது அந்தப் பிள்ளை. முப்பது வருஷம் படிச்ச பாடமாக்கும் இது."

அரை லிட்டர் போதாது என்று ஒரு லிட்டர் குடித்தார். காத்திருக்கும் பெஞ்சில் அதே சிகிச்சைக்கு வந்த நாலைந்து ஆண்கள், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு காலி பாட்டில். அன்று மெஷின் ஏதோ காரணத்தால் அரை மணி தாமதித்தது. பெஞ்சு முழுக்கக் கால்மேல் கால். நேசையன் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் நாகர்கோவில் வண்டிக் கதையைச் சொல்லி, ஒருத்தரும் எழும்பக் கூடாது, மனசை ரோட்டுல வைக்கணும் என்று எல்லோருக்கும் வகுப்பெடுத்தார். எடுத்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று எழுந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்கு ஓடினார்.

பக்கத்தில் இருந்த பட்டாபி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார், "ஓய், நாகர்கோவில் வண்டி பாதி வழியில, பாறசாலையிலேயே நின்னுடுத்தே."

பட்டாபி ஸ்ரீவராகத்துக்காரர். பழவங்காடியில் பூஜை சாமான் கடை. நேசையனுக்கு முன்பே ஊசி தொடங்கியவர், இரண்டு முடிந்திருந்தது. கடைக்குள்ளிருந்து பேசினால் ரோட்டில் கேட்கும் குரல். அதற்குப் பிறகு இருவரும் தினமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு நாள் நேசையன் சுற்றி வளைத்துக் கேட்டார்.

"ஊசிக்கு முன்னே உமக்க கொரல் எப்படி இருந்துது?"

"இப்படித்தான். ஏன் கேக்கறேள்?"

"நல்லா யோசிச்சுச் சொல்லும்."

"ஆத்துக்காரி நாகலக்ஷ்மிட்ட வேணா கேளும். அவ என் குரலைக் கேட்டு நாப்பது வருஷம் ஆறது, காதுல போட்டுண்டாத்தானே."

நேசையனுக்குத் திருப்தியாகவில்லை. பட்டாபிக்கு எப்படி இருந்தாலும், தன் வீட்டுக் கீபோர்டு பொய் சொல்லாது என்பது அவர் நம்பிக்கை.

ரேடியேஷன் பன்னிரண்டாவது நாள். இரண்டாம் ஊசி போட வேண்டிய நாளும் அதுதான். நேசையன் டாக்டர் அறையில் நின்றுகொண்டே சொன்னார், "ரேடியேஷன் எத்தனை வேணும்னாலும் வையுங்க. ஊசி வேண்டாம்."

டாக்டர் அஜிதா பேனாவை மூடினார். "ஏன் அங்கிள்?"

"வேண்டாம்."

"அங்கிள் பஸ் ஓட்டின ஆளில்லையா. பொன்முடி மலையிலேருந்து இறங்கும்போ பிரேக்கை மட்டும் நம்புவீங்களா?"

"அதெப்படி. கியரையும் கொறைக்கணும். பிரேக் மட்டும் போட்டா சூடாகிப் பிடிக்காது."

"ஊசியாக்கும் அந்தக் கியர். ரேடியேஷன் மட்டும் வச்சா இந்த டைப் திரும்பி வர சான்ஸ் கூடுதல். எனக்கு அங்கிளை ரெண்டாவது தடவை இந்த ரூம்ல பார்க்கணும்னு ஆசையில்ல."

நேசையனுக்குப் புரிந்தது. புரிந்ததை முகத்தில் பார்த்தேன். ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை. நாளை வரை யோசித்து வாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

ஆட்டோவில் வரும்போது நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். தம்பானூர் தாண்டியதும் அவர் மெதுவாகச் சொல்லிவிட்டார், குரல் போய்விட்டது என்று. நான் சிரித்தேன். முப்பது வருஷத்தில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். அவர் அழத் தொடங்கினார். இந்த அழுகை ஊசியால் வந்ததல்ல என்று எனக்கே தெரிந்தது.

"நீ டெனர், ராஜையா. ஒன்னைப் போல நாலு பேரு உண்டு. நான் பஸ் ஓட்டினவன். பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு வேற என்ன இருக்கு?"

டாக்டரிடம் கேளும் என்றேன். கேட்க என்ன இருக்கிறது, காதாலே கேட்கலாம் வா என்று நேரே வீட்டுக்கு இழுத்துப்போனார். கீபோர்டின் முன் உட்கார்ந்து பென்சில் புள்ளி வைத்த கட்டையை அமுக்கினார். பாடினார். காற்றுதான். என் காதுக்கும் அப்படித்தான்.

சரோஜம் டீயோடு வந்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார், பென்சில் புள்ளியையும் பார்த்தார். கணக்கு டீச்சருக்கு விடை வர நேரமாகவில்லை.

"இதை நான் மூணு படி கீழே இறக்கி வச்சிருக்கேன். போன மாசம்."

அந்தக் கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் மொத்தச் சுரமும் படிப்படியாகக் கீழே இறங்கும். அமுக்கும் கட்டை பழையதுதான், வரும் சத்தம் மட்டும் தாழ்ந்திருக்கும். நேசையன் பாவம், இளவயதில்கூட எட்டியிராத ஒரு சுரத்தை மூன்று வாரமாகத் துரத்திக்கொண்டிருந்தார். சரோஜம் அதன் பக்கத்துப் பட்டனை மூன்று தடவை அமுக்கி மேலே ஏற்றினார். நேசையன் பாடினார். சுரம் வந்தது, மேஜையில் டீ டம்ளர் அதிர்ந்தது. என் காது வழக்கம்போல வலித்தது. இவ்வளவு சந்தோஷமாக அது வலித்ததே இல்லை.

நேசையன் முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார். "நீ என்னத்துக்குப் பிள்ளே இறக்கினே?"

"ஜெபத்துக்குப் பாடும்போ எனக்கு மேலே எட்டல்ல."

"ஒனக்கா? சோப்ரானோக்காரிக்கு எட்டாதா?"

சரோஜம் டீத் தட்டை மேஜையில் வைத்தார்.

"நான் கீழ்க் கொரலுக்கு, ஆல்ட்டோவுக்குப் போய்ப் பதிமூணு வருஷம் ஆச்சு."

நேசையன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். கொயர் மாஸ்டர் ராகேல் டீச்சர் முதல் கொயர் முழுக்கத் தெரிந்த விஷயம். இவருக்குத் தெரியாது என்பதுதான் எங்களுக்குத் தெரியாமல் போனது.

"ஞாயிறு தோறும் உங்களுக்கு ரெண்டு வரிசை முன்னேதான் நிக்கேன்," என்றார் சரோஜம். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது. "அம்பத்திரண்டு வயசுல எனக்கும் இந்த ஹார்மோன் நின்னுது. ஒடம்பு கொதிக்கும், வேர்க்கும், காரணமில்லாம அழுவேன். அடுக்களை ஜன்னலைத் தொறந்து வையின்னு நீங்க சொன்னீங்க. அதோட கொரலும் கீழே போச்சு. நானே ராகேல் டீச்சர்ட்ட போய்ச் சொல்லி வரிசை மாறினேன். கொரல் போனதுக்கு நான் சாகல்ல. நீங்க போகாத கொரலுக்குச் சாகப் போறீங்க."

டீ ஆறியது. நான் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் அவர் டாக்டர் அறைக்குள் போனதும் உட்காராமல் கேட்டார், "ஊசி போட்டா கொரல் மாறுமா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "மாறாது அங்கிள். குரல்வளை ஒரு தடவை வளர்ந்தா பின்னே சுருங்காது."

"பொம்பளைகளுக்கு? வயசாகி ஹார்மோன் நின்னா?"

"அவங்கள்ல சில பேருக்கு மாறும்."

நேசையன் தலையாட்டிவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினார். ஊசி கையில் அல்ல என்று நர்ஸ் சொல்லித் திருப்பிவிட வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு நாலு குரல் பாட்டு. நடுவில் பேஸ் மட்டும் தனியாக எடுத்துக் கொடுக்கும் இடம் ஒன்று வரும். வந்தது. சத்தமே இல்லை. ராகேல் டீச்சரின் கை காற்றில் நின்றது. நான் முழங்கையால் இடித்தேன். நேசையன் கழுத்தை நீட்டி, பெண்கள் வரிசைப் பக்கம் காதைத் திருப்பி, பாட்டுப் புத்தகத்தையே மறந்து நின்றார். வேறு வழியில்லாமல் பேஸ் வரியை நான்தான் எடுத்தேன், அது எப்படி இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கண்டுபிடிச்சிட்டேன் ராஜையா. இடது பக்கத்துலேருந்து மூணாவது. நல்ல ஆல்ட்டோவாக்கும்."

பின்னாலேயே ராகேல் டீச்சர் வந்து, ஏன் பாடவில்லை என்று கேட்டார். ஊசியின் பக்க விளைவு என்று கூசாமல் சொல்லிவிட்டு, சரோஜத்தின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.